அமாவாசையன்று கடல் பார்க்கப் போனோம்

காஞ்சிபுரத்திலிருந்து கடல் நாற்பது மைல். நான் கல்யாணமாகி வந்த ஒன்பது வருஷத்தில் என் புகுந்த வீட்டார் யாரும் அதைப் பார்ப்பதற்கென்று போனதில்லை. பட்டு விஷயமாக மெட்ராசுக்குப் போவார்கள். காரியம் முடிந்ததும் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள். "கடல் பாத்தீங்களா?" என்று ஒருமுறை என் கணவரைக் கேட்டேன். "காத்து வந்துச்சு" என்றார். அவர் கண்ட மெரீனா அவ்வளவுதான்.

நான் மட்டும் என்ன கிழித்துவிட்டேன்? பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுக்கிறவள். சமுத்திரங்களைப் பிரம்பால் தொட்டுக் காட்டிக் காட்டி, வரைபடத்தில் அந்த இடங்கள் நைந்தே போய்விட்டன. நேரில் பார்த்தது ட்ரெயினிங் படித்த காலத்தில் மெரீனாவில் அரை மணி நேரம். அதிலும் பாதி நேரம் சுண்டல்காரனைத் தேடுவதில் போயிற்று.

ஆகவே இந்த மாசியில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றபோது, டீச்சர்தான் கிளப்பிவிட்டாள் என்று தெருவே முடிவு கட்டியது. அது தப்பு. கிளப்பியவள் என் நாத்தனார் பூங்காவனம்.

பூங்காவனத்துக்கு இருபத்து மூன்று வயது. பதினாலு வயதிலிருந்து தறியில் உட்காருகிறாள். எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்று அவளுடையது, இன்னொன்று என் கணவர் சபாபதியுடையது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று நெய்கிற கோர்வைப் புடவை வந்தால், அவள் தன் தறியை விட்டு அண்ணன் தறிக்கு வந்துவிடுவாள். அதற்கு ஒரு தறியில் இரண்டு பேர் வேண்டும். இவர் உடலுக்கான இழை சுற்றிய நாடாவை ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளுவாள். காலையிலிருந்து மத்தியானம் வரை இரண்டு பேருக்கும் நடுவே ஒரு பேச்சு இருக்காது. நாடா மட்டும் போய் வந்துகொண்டிருக்கும்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் ஒரு வரன் வந்தது. பிள்ளைக்குச் சதுரங்கப்பட்டினம் பக்கம். அங்கே கடலோரத்தில் பெரிய சர்க்கார் கட்டட வேலை நடக்கிறதே, அதில் ஸ்டோர் கீப்பர். பெண் பார்க்க வந்தவர்களில் மற்றவர்கள் எல்லாம் "பொண்ணு பாடுமா?" என்று கேட்டார்கள். பிள்ளை மட்டும் "தறியைப் பாக்கலாமா?" என்று கேட்டார். பார்த்ததோடு நிற்கவில்லை, வெள்ளை வேட்டியோடு குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, மிதியை மிதித்துப் பார்த்தார். "குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்காங்க. தறி அங்கியே போட்டுக்கலாம்" என்றார். போகும்போது வேட்டியில் அழுக்கு. பூங்காவனம் அன்றைக்கு முழுவதும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் பதில் கேட்டபோது, "நான் கடலைப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்றுவிட்டாள்.

"கடலையாடி கட்டிக்கப் போற?" என்றார் என் மாமியார்.

என்னிடம் மட்டும் தனியாக விஷயத்தைச் சொன்னாள். "அண்ணி, குழி."

எங்கள் ஊர்த் தறி தரையோடு தரையாக இருக்கும். நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, கீழே தொடையளவு வெட்டிய குழிக்குள் காலை விட்டுக்கொள்ள வேண்டும். மிதி எல்லாம் குழிக்குள்தான். குழி இல்லாமல் தறி இல்லை. கடலோரத்தில் குழி வெட்டினால் தண்ணீர் வரும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். "நிஜமா அண்ணி? நீ பூகோளம்தானே?" என்றாள். நிலத்தடி நீர்மட்டம், மணற்பாங்கான நிலம் என்று நான் ஆரம்பித்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்போ உனக்கும் தெரியாது" என்றாள். உண்மைதான். பிள்ளையையே கேட்டு எழுதலாமே என்றேன். "கேட்டா வராதுன்னுதான் சொல்லுவாரு. ஆசைப்படறவங்க வேற இன்னா சொல்லுவாங்க?" என்றாள்.

தறி இல்லையென்றால் அவள் போகமாட்டாள். இது எனக்குத் தெரியும், இவருக்கும் தெரியும். தரகர் வெள்ளிக்கிழமை பதில் கேட்டு வருகிறார். அதற்குள் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

நாள் குறிப்பதில் யோசிக்க என்ன இருக்கிறது? அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. அந்த ஒரு நாள்தான் நெசவாளிக்கு லீவு. மற்ற நாளில் காலை வேளையில் தெரு நீளத்துக்குப் பாவு நூலை நீட்டிக் கட்டியிருப்பார்கள், சைக்கிள்கூட இறங்கித்தான் வர வேண்டும். கார் உள்ளே நுழைவதானால் அதற்கும் அமாவாசைதான் தோது. கோயிலுக்குப் போனாலும், கல்யாணத்துக்குப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும் எங்களுக்கு அமாவாசைதான். புதன்கிழமை அமாவாசை, பள்ளிக்கூடத்துக்கு நான் லீவு போட்டால் போதும். சரி என்றோம். எல்லா வகுப்புக்கும் கடலைப் பற்றிப் பாடம் எடுக்கிற நானும் சரி என்றேன்.

காரும் ஆளும் காதர் பாய். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த மனிதர், ஐம்பது வயது, மருதாணி வைத்த தாடி. மெட்ராஸ் ஓட்டல்களிலிருந்து வருகிற வெள்ளைக்காரர்களைக் கோயில் கோயிலாகக் காட்டிவிட்டு மகாபலிபுரம் வரை கொண்டுபோய் விடுவார். அதனால் டிரைவர் என்றால் கோபம் வரும். "நான் கைடும்மா. வண்டி ஓட்டறது அதுல ஒரு பார்ட்டு" என்பார். அவருடைய அம்பாசடரில் முன் கதவு ஒன்று வெளியிலிருந்து மட்டும் திறக்கும். இறங்க வேண்டுமென்றால் கையை ஜன்னல் வழியாக வெளியே விட்டுத் திறந்துகொள்ள வேண்டும். வெள்ளைக்காரர்களுக்கு இது ரொம்பப் பிடிக்குமாம்.

விடியற்காலையிலேயே புறப்படுவதாகத் திட்டம். அமாவாசைச் சமையல் முடிந்து, வாழைக்காய்ப் பொரியலும் வடையும் இலையில் வைத்தாயிற்று. காகம் வரவில்லை. காகம் தொடாமல் வீட்டில் யாரும் சாப்பிட முடியாது. என் கணவர் மொட்டை மாடியில் நின்று கா கா என்று கத்துகிறார், காதர் பாய் கீழே ஹாரன் அடிக்கிறார். ஹாரன் சத்தத்தில் வந்த காகமும் போயிற்று. கடைசியில் ஏழரை மணிக்கு ஒரு நொண்டிக் காகம் வந்து வடையைத் தூக்கியது. புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு ஏறினோம். மாமியார் வரவில்லை. வண்டி என்றால் அவருக்கு வாந்தி.

மகாபலிபுரத்தில் காதர் பாய் கைடாகிவிட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, ஒற்றைக் காலில் நிற்கும் சிற்பத்தைப் பூங்காவனத்துக்குக் காட்டி, "தங்கச்சி, இவரு எவ்ளோ வருஷமா நிக்கிறாரு தெரியுமா?" என்றார். எவ்வளவு என்று கேட்டதற்கு, "அதை யாரும் எண்ணல" என்றார். வெள்ளைக்காரர்களிடமும் இதையே இங்கிலீஷில் சொல்வாராம், எழுதிக்கொள்வார்களாம்.

பாவம், அவருக்கு எங்களைக் கொண்டு எந்தப் பெருமையும் கிடைக்கவில்லை. காஞ்சிபுரத்துக்காரனைக் கோயில் காட்டி அசத்த முடியுமா? "இந்தச் சிங்கம் நம்ம கைலாசநாதர் கோயில்ல இருக்குது" என்றார் என் கணவர். அடுத்த மண்டபத்தில், "இதுவும் இருக்குது." மூன்றாவதில் காதர் பாய் முந்திக்கொண்டு, "இருக்குது பா, இருக்குது, வா போலாம்" என்று காரைப் பார்த்து நடந்தார்.

கடற்கரைக் கோயிலின் பின்பக்கம் போனதும்தான் பூங்காவனம் கடலைப் பார்த்தாள். நான் கடலைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தேன். முந்தானை பறந்து என் முகத்தில் அடித்தது, அதை அவள் பிடிக்கவில்லை. நெடுநேரம் கழித்து, "அண்ணி, இது எப்போ நிக்கும்?" என்றாள்.

"எது?"

"இந்தச் சத்தம்."

"நிக்காது."

"ராத்திரியிலயும்?"

"ராத்திரியிலயும்."

"அப்போ தறிச் சத்தம் எப்படிக் கேக்கும்?" என்றாள். இழை அறுந்தால் இவர்களுக்குக் கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும். அதை யோசித்திருக்கிறாள். ஆனால் அதைச் சொல்லும்போதே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் வரை இறங்கிவிட்டாள். ஒரு அலை வந்து கால் மணலை இழுத்ததும், குழந்தை மாதிரி ஒரு கத்துக் கத்தினாள். என் கணவர் கரையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீர் வரும்போதெல்லாம் பின்வாங்கி, போகும்போதெல்லாம் முன்னேறி, ஒரு சொட்டுப் படாமல் கடலைப் பார்த்து முடித்தார்.

தெற்கே சதுரங்கப்பட்டினம் போகிற சாலை சவுக்குத் தோப்புக்கு நடுவில் போகிறது. மரம் விடுகிற இடமெல்லாம் ஒரு துண்டுக் கடல் தெரிந்து மறையும். கருவாட்டு வாசனை வருகிறது, போகிறது. எதிரே மணல் லாரிகள் வந்தால் எங்கள் கார் மரியாதையாகப் பள்ளத்தில் இறங்கி நிற்கும். ஒரு தடவை இறங்கியது ஏறவில்லை. காதர் பாய் உருதுவில் வண்டியோடு பேசினார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "உன்னை வாங்குன நாள்ல எனக்குக் காய்ச்சலா இருந்திச்சுன்னு சொன்னேம்மா" என்றார். அதைக் கேட்டதும் வண்டி ஏறிவிட்டது.

சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை ஒன்று இடிந்து கிடக்கிறது. உள்ளே ஆடு மேய்கிறது. காதர் பாய் ஒரு பள்ளத்தைக் காட்டி, இதுதான் பீரங்கி வைத்த இடம் என்றார். அடுத்த பள்ளத்தைக் காட்டி, இது டச்சுத் துரை குளித்த தொட்டி என்றார். இரண்டும் ஒரே அளவில்தான் இருந்தன.

கோட்டைச் சுவரின் நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். அப்போதுதான் எங்கள் முதல் மடத்தனம் எங்களுக்கு விளங்கியது. எதிரே கீற்றுக் கொட்டகைக் கடையில் வஞ்சிர மீனைத் துண்டு போட்டு மசாலா தடவி வறுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் மீன் என்றால் உயிர். ஆனால் அமாவாசையன்று மீன் தொட முடியுமா? காதர் பாய் நாலு துண்டு வாங்கிவந்து எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்றார். அது மரியாதை. ஆனால் வாசனைக்கு முதுகு ஏது? என் கணவர் புளிச்சோற்றைப் பிசைந்து பிசைந்து, "ஒம்போது வருஷத்துக்கு ஒரு தபா கடலுக்கு வர்றோம், அதுவும் கவிச்சி தொடாத நாளாப் பாத்து வர்றோம். டீச்சர், நீயாச்சும் சொல்லக் கூடாதா?" என்றார். வெளியாட்கள் முன்னிலையில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், குற்றம் சாட்டும்போது முக்கியமாக.

பூங்காவனம் சாப்பாட்டில் கண் வைக்கவில்லை. தெரு முனையில் ஒரு பெண் கிணற்றில் தண்ணீர் இறைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து அருகே போனாள். நானும் போனேன். எங்கள் வீட்டுக் கிணற்றில் வாளி கீழே போய்ச் சேர்வதற்குள் ஒரு பாட்டுப் பாடிவிடலாம். இங்கே அந்தப் பெண் குடத்தை விட்டாள், எடுத்தாள். இடையில் மூச்சுகூட வாங்கவில்லை. பூங்காவனம் சுருட்டி வைத்த கயிற்றைக் கண்ணால் முழம் போட்டாள். "அண்ணி, கயிறு நாலு முழம்கூட இல்ல" என்றாள். குரல் இறங்கிவிட்டது. இவர் சுவரடியில் கை கழுவிக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குவார்ட்டர்ஸ் வழியில்தான் இருந்தது. புதிதாக வெள்ளை அடித்த வீடுகள், வரிசையாக, மணலில் நட்டு வைத்ததுபோல். நிறுத்தக் கூடாது என்று வீட்டிலேயே பேசி வைத்திருந்தோம். பிள்ளை பார்த்துவிட்டால் காபி என்பார். நம் பக்கத்தில் பதில் சொல்லாமல் அவர்கள் வீட்டில் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தமாகிவிடும். காதர் பாய் விஷயம் தெரிந்தவர். கேட்காமலே வண்டியை மாட்டு வண்டி வேகத்துக்குக் கொண்டுவந்தார். பூங்காவனம் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, ஒரு கண்ணால், கடைசி வீடு வரைக்கும் பார்த்தாள்.

இத்தோடு திரும்பியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. "பாலாறு இங்கதான் எங்கியோ கடல்ல சேருதாம். பாத்துட்டுப் போலாம் பாய்" என்று என் கணவர் சொல்லிவிட்டார்.

பாலாறு எங்கள் ஆறு. ஊரை ஒட்டிச் செவிலிமேட்டுப் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய வரை மணல். மழைக்காலத்தில் சில நாள் தண்ணீர் ஓடும். மற்றபடி வண்டி மாடு, சைக்கிள், சந்தைக்குப் போகிறவர்கள் எல்லோரும் மணலில் இறங்கி அக்கரையில் ஏறுவார்கள். காஞ்சிபுரத்துக்காரனுக்கு ஆறு என்றால் அகலமான ரோடு. அது கடலில் சேரும் இடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் நாலு மணி. அங்கேயும் அதே மணல், அகலமாக, ஈரமாக, கெட்டியாக. நடுவில் ஒரு வாய்க்கால் அளவு தண்ணீர். தூரத்தில் வெள்ளையாகக் கடல்.

"நம்ம பாலாறு!" என்றார் காதர் பாய், ஏதோ பஸ் ஸ்டாண்டில் சொந்தக்காரரைப் பார்த்துவிட்டதுபோல. "ஆயிரம் தபா இறங்கி ஏறியிருக்கேன் தங்கச்சி. கிட்டக்கப் போயி நிறுத்தறேன், பாரு." வண்டியை மணலில் இறக்கினார். கால் பர்லாங்கு போனோம். வண்டி நின்றது. இறங்கிப் பார்த்தால் பின் சக்கரம் இரண்டும் பாதி காணோம்.

கவலைப்படவில்லை. இது எங்களுக்குப் பழக்கம். செவிலிமேட்டு மணலில் வண்டி சிக்கினால் சக்கரத்தைச் சுற்றித் தோண்டிச் சரிவு பண்ணித் தள்ளினால் வந்துவிடும். என் கணவர் சோற்றுத் தூக்கின் மூடியை எடுத்துக்கொண்டு தோண்ட ஆரம்பித்தார். நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாய்க்கால் இப்போது கொஞ்சம் அகலமாக இருப்பதுபோல் பட்டது. தண்ணீரின் மேல் ஒரு காய்ந்த ஓலை மிதந்துகொண்டிருந்தது. அது கடலை நோக்கிப் போகவில்லை. எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் எட்டாம் வகுப்புக் கரும்பலகை எனக்கு ஞாபகம் வந்தது. சூரியன், சந்திரன், பூமி என்று மூன்று வட்டம் ஒரே கோட்டில் போட்டு, அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் கடல் மற்ற நாளைவிட அதிகமாக உள்வாங்கும், அதிகமாக ஏறும் என்று வருஷா வருஷம் எழுதிப் போடுகிறவள் நான். பரீட்சையில் எழுதாதவளுக்கு மார்க்கைக் குறைக்கிறவளும் நான். நாங்கள் கெட்டி மணல் என்று இறங்கியது, காலையிலிருந்து உள்வாங்கியிருந்த கடலின் தரை.

"கடல் வருது!" என்று கத்தினேன்.

"இங்க எங்க வரும்? இது ஆறு" என்றார் இவர், தோண்டிக்கொண்டே.

கரையிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். நாற்பது வயதிருக்கும், இடுப்பில் கூடை. கன்னியம்மாள் என்று பேர், பக்கத்துக் குப்பத்துக்காரி. இதெல்லாம் பிறகு தெரிந்தது. வரும்போதே திட்டிக்கொண்டு வந்தாள். "யோவ் பாய்! கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது? அமாவாசையன்னிக்கு ஆத்துக்குள்ள வண்டிய வுடுவானா ஒருத்தன்? இன்னும் செத்த நேரத்துல ஒன் வண்டி மேல மீனு நீஞ்சும்!"

"நம்ம பாலாறும்மா இது..." என்று காதர் பாய் இழுத்தார்.

"ஒங்க ஊர்ல ஒன் ஆறு. இங்க எங்க கடலு."

அதற்குள் இவர் ஒரு முழம் தோண்டியிருந்தார். குழிக்குள் பக்கவாட்டில் தண்ணீர் ஊறி வந்தது. வாரி இறைத்தார். இறைக்க இறைக்க ஊறியது. குழியின் ஓரம் சரிந்து, சக்கரம் இன்னும் இரண்டு விரற்கடை இறங்கியது.

எதிர்ப்பக்கம் கையால் மணல் வாரிக்கொண்டிருந்த பூங்காவனம் கையை நிறுத்திவிட்டாள். அந்தக் குழியையே பார்த்தாள். ஒரு முழம். அதற்குள் தண்ணீர். அவளுக்கு வேண்டியதோ தொடையளவு. யாரிடமும் கேட்காமல் பதில் அவள் முன்னால் நிரம்பிக்கொண்டிருந்தது. கடல் கிடக்கட்டும், கார் கிடக்கட்டும், இந்தப் பெண் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று, அது இப்படி உப்புத் தண்ணீரில் போக வேண்டுமா என்று எனக்கு இருந்தது. என் கணவரும் தலையைத் தூக்கித் தங்கையைப் பார்த்தார். பிறகு சட்டென்று குனிந்துகொண்டார்.

"தோண்டாதய்யா!" கன்னியம்மாள் அவர் கையிலிருந்த மூடியைப் பிடுங்கினாள். "தோண்டத் தோண்ட ஊறும். தூக்கு! அடியில பொருளை வெச்சுத் தூக்கு!"

குப்பத்தைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள். அமாவாசைக்கு அவர்களும் கடலுக்குப் போகவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்த பத்துப் பேர் வந்தார்கள். பனை மட்டை வந்தது, பழைய கட்டுமரத்தின் கட்டை இரண்டு வந்தது. ஒரு கட்டையின் மேல் ஜாக்கியை வைத்துத் தூக்கி, சக்கரத்தின் அடியில் மட்டைகளைத் திணித்தார்கள். மற்றச் சக்கரத்துக்கும் அப்படியே. காதர் பாய் உள்ளே ஏறிக்கொண்டு கண்ணை மூடி ஏதோ ஓதினார். ஏலேலோ போட்டுத் தள்ளினார்கள். கணுக்காலில் இருந்த தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது வண்டி கரையேறியது. திரும்பிப் பார்த்தால் நாங்கள் நின்ற இடம் கடலாக இருந்தது. காதர் பாய் பானெட்டின் மேல் தலையைச் சாய்த்து, "பேஜாராப் போச்சு தங்கச்சி. என்னை இனிமே டிரைவர்னே கூப்புடு" என்றார். அதற்குப் பத்து மீனவர்களும் சிரித்தார்கள்.

கன்னியம்மாள் எங்களைத் தன் குடிசைக்குக் கூட்டிப்போய் ஈரம் துவட்டத் துணி கொடுத்தாள். கருப்பட்டிக் காபி போட்டாள். மீன் பொரிக்கட்டுமா என்றதற்கு, அமாவாசை என்றார் இவர், அழாத குறையாக. "நாங்க மட்டும் இன்னா அமாவாசைக்குக் கவிச்சி தின்னுவமா? ஒங்க மொகத்தப் பாத்துத்தான் கேட்டேன்" என்று சிரித்தாள்.

பூங்காவனம் காபியைத் தொடவில்லை. குடிசைத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மணல், உள்ளே நான்கு படி ஏறி வந்திருந்தோம். தரை சாணி மெழுகிக் கெட்டியாக இருந்தது. அவள் எழுந்து குதிகாலால் ஒரு மிதி மிதித்தாள். இன்னொரு மூலைக்குப் போய் அங்கும் மிதித்தாள்.

"இன்னாம்மா, ஊட்டை இடிக்கப் போறியா?" என்றாள் கன்னியம்மாள்.

"இது மணலு இல்லியே அக்கா."

"மணல்ல எங்க வூடு நிக்கும்? ஏரி மண்ணு. வண்டியில கொணாந்து கொட்டி, தண்ணி தெளிச்சு, திமிசுக் கட்டை போட்டு அடிச்சு மேல தூக்குனது. கீழ போனா தண்ணி. நாங்க மேலதான் போவோம்."

"மழையில ஊறாதா?"

"எங்க மாமனாரு போட்டது. ஒரு தபா ஊறல."

"எவ்ளோ நாள் ஆச்சு போட?"

"ரெண்டு பேரு, பத்து நாளு."

பூங்காவனம் உட்கார்ந்து காபியைக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

திரும்பும்போது செங்கல்பட்டு ஏரிக்கரையை எட்டிவிட்டோம். வண்டி முழுக்க உப்பு வாசனை. இவர் முன் சீட்டில் இருந்தார், நாங்கள் இருவரும் பின்னால். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணா" என்றாள் பூங்காவனம்.

"ம்."

"வெள்ளிக்கெழம தரகரு வர்றாரு இல்ல?"

"வர்றாரு."

"அவருகிட்ட சொல்லி வுடு. குழி வெட்ட வேணாம். ஏரி மண்ணு கொணாந்து, தரையிலருந்து மூணடிக்கு மேடை கட்டச் சொல்லு. மேடைக்கு நடுவுல குழி வுட்டுடணும். தறி மேடை மேல ஒக்காந்துக்கும். தண்ணி அதுபாட்டுக்குக் கீழ இருக்கட்டும்."

அவ்வளவுதான் சொன்னாள். சம்மதம் என்றோ, பிள்ளை பிடித்திருக்கிறது என்றோ ஒரு வார்த்தை இல்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் கல்யாணத்தின்போது நான் இப்படி ஒரு அளவு சொல்லியிருக்கலாமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

ஆனால் இவர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். முன் சீட்டில் பிடரி மட்டும் தெரிந்தது. எனக்குத் தெரியும், காலையிலிருந்து இந்த மனிதர் குழியில் தண்ணீர் வரட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டு வந்திருக்கிறார். தங்கை போய்விட்டால் கோர்வைத் தறியில் பக்கத்து இடம் காலி. இன்னொரு ஆளை வைக்கலாம். இந்தக் கை வராது. ஊரில் எத்தனை பேரைத் தேடினாலும் வராது. பூங்காவனத்துக்கும் அது தெரியும். என் கைக்குள் அவள் கை சில்லென்று இருந்தது. காதர் பாய்கூட ஹாரன் அடிக்காமல் ஓட்டினார்.

வாலாஜாபாத் நெருங்கும்போது இவர் தொண்டையைக் கனைத்தார்.

"மூணடி பத்தாது" என்றார், திரும்பாமலே. "அடைமழையில ஓரத்துல ஊறும். நாலடி வேணும். ஏறி எறங்க நாலு படி வெக்கணும்." கொஞ்சம் நிறுத்தினார். "அங்க இருக்கறவங்களுக்கு மிதி அளவு இன்னா தெரியும்? நானே போயி, பத்து நாள் நின்னு, கட்டிக் குடுத்துட்டு வர்றேன்."